பட்டியலில் நாற்பத்தொன்றாவது சொல்

மறைமலைநகரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்குப் புதிதாக ஒரு பெட்டி வந்திருக்கிறதாம். எந்த ஊழியர் எந்த இணையதளத்தைப் பார்க்கலாம், எதைத் தொடக் கூடாது என்று அதுவே முடிவு செய்துகொள்ளுமாம். இப்போது சிஸ்டம்ஸ் பிரிவில் இருப்பவர்கள் போன் செய்து பெருமையோடு சொன்னார்கள். "உங்க காலத்துல இதையெல்லாம் எப்படி சார் பண்ணீங்க?" என்று கேட்டார்கள். "கையால்" என்றேன். சிரித்தார்கள். நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நகைச்சுவை என்று நினைத்துச் சொன்ன எதற்கும் ஒரே ஒருவரைத் தவிர யாரும் சிரித்ததில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, செங்கல்பட்டு வீட்டில் படிக்காத புத்தகங்களைத் தூசி தட்டி மறுபடி படிக்காமல் அடுக்கிக்கொண்டிருந்தவனை அந்த போன் கொஞ்சம் கிளறிவிட்டது. அதனால் இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் சிஸ்டம்ஸ் ஆள் ஆனது தற்செயல். கணிதத்தில் பட்டம், தட்டச்சில் ஹையர், சென்னையில் ஆறு மாதக் கணினிப் பயிற்சி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இவ்வளவு இருந்தால் போதும், தொழிற்சாலையில் மூன்று கம்ப்யூட்டர்களையும் ஒரு குளிர்சாதன அறையையும் நம்பி ஒப்படைத்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் கட்டுப்பாடு என்றால் நிஜமாகவே பூட்டு. கம்ப்யூட்டரின் முகப்பில் சின்னச் சாவித் துவாரம் ஒன்று இருக்கும். திருப்பினால் கீபோர்டு செத்துவிடும். மூன்று சாவிகளையும் இடுப்பில் செருகிக்கொண்டு பண்டகசாலைக் காவலன் மாதிரி நடந்திருக்கிறேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தேன். கும்பிட்டுவிட்டு நுழைந்தவர்களும் உண்டு.

பிறகு எல்லா மேசைக்கும் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே சீட்டாட்டமும் வந்தது. அந்த விளையாட்டை எல்லா மெஷினிலிருந்தும் அழிக்கச் சொல்லி உத்தரவு. திங்கட்கிழமை அழிப்பேன், வியாழக்கிழமை திரும்பி வந்திருக்கும். மூன்று மாதம் தேடியதில், ஃபிளாப்பியை பாலிதீன் பையில் சுற்றி டிபன் டப்பாவில் தயிர்சாதத்துக்கு அடியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள் என்று தெரிந்தது. அந்த ஃபிளாப்பியைக் கைப்பற்றினேன். அதற்குப் பிறகு எங்கள் பிரிவிலும் கொஞ்சம் சீட்டாடினோம்.

இந்த உத்தரவுகளை எல்லாம் போட்டவர் எங்கள் நிர்வாக மேலாளர் ராகவன் சார். திருக்கழுக்குன்றத்துக்காரர். ஒல்லியான உடம்பு, முழுக்கைச் சட்டை, யாரையும் 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் இரண்டு கொள்கைகள். ஒன்று, எந்தக் காகிதத்தையும் நின்றுகொண்டுதான் படிப்பார். "உட்கார்ந்து படிச்சா சம்மதிக்கத் தோணும் ஓய்" என்பார். இரண்டு, எதுவும் எழுத்தில் வர வேண்டும். தீப்பிடித்தது என்று ஓடிப்போய்ச் சொன்னாலும் "எழுதிக் கொடும்" என்பார் என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். எழுதிய எல்லாவற்றையும் டைப் செய்து கோப்பில் வைப்பவள் கலைவாணி. புதுப்பட்டினத்துப் பெண், கெட்டிக்காரி. அவள் விரல்கள் அடிக்கும் வேகத்தைவிட வாய் கொஞ்சம் வேகம்.

புத்தாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடத்தில் இணைய இணைப்பு வந்தது. ஒரே வாரத்தில் ஒரு புகாரும் வந்தது. எந்த மேசையில், என்ன படம் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். ராகவன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"கெட்ட வார்த்தை இருக்கிற பக்கமே திறக்கக் கூடாது. முடியுமா?"

"முடியும் சார். ஆனா எது கெட்ட வார்த்தைன்னு மெஷினுக்குத் தெரியாது. பட்டியல் கொடுக்கணும்."

"நீர்தான் இங்கிலீஷ் நாவலா படிச்சுத் தள்ளுறீரே. நீரே எழுதும்."

நிறையப் படித்தவன் என்று ஊரில் பெயர் வாங்கினால் என்ன கிடைக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இரண்டு அகராதிகளை வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். முதல் இருபது சொற்கள் கூச்சத்தோடு வந்தன. அதற்கு மேல் ஒரு கடமையுணர்ச்சி பிடித்துக்கொண்டது. அறுபதில் நிறுத்தினேன். கலைவாணியிடம் கொடுக்க முடியாதே, நானே டைப் செய்தேன்.

ராகவன் சார் நின்றுகொண்டு படித்தார். காகிதத்தை முகத்துக்கு ஒரு கை தூரத்தில் பிடித்து, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாக. காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்த திருநீறு நெற்றியில் அப்படியே இருந்தது. ஒரு இடத்தில் நின்றார்.

"இது என்ன ஓய்?"

"சார், அது வந்து..."

"தெரியறது. விடும்."

நாற்பத்தொன்றாவது சொல்லில் மறுபடி நின்றார். மார்பகத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் சாதாரணச் சொல். "இது வெறும் உடம்புப் பேருதானே?" என்றார்.

நான் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நிபுணனுக்கே உரிய அலட்சியத்தோடு சொன்னேன்: "ஆபீஸ்ல அது யாருக்கு சார் தேவைப்படப் போகுது?"

தலையாட்டிவிட்டு மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஓர் அறிக்கை போகும். யார், எந்தப் பிரிவு, எந்த வகைத் தடை, எத்தனை முறை. முதல் அறிக்கையில் தேடிய முகவரிகளையும் அச்சடித்திருந்தேன். ராகவன் சார் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். "இதை அந்தப் பொண்ணு கோப்புல வைக்கணும் ஓய். முகவரிப் பத்தியை எடுத்துடும்." எடுத்துவிட்டேன். கண்ணியமான அறிக்கை ஆகிவிட்டது. ஒரு மனிதன் எதைத் தேடினான் என்பதைத் தவிர மற்ற எல்லாம் அதில் இருந்தது.

நான்காவதோ ஐந்தாவதோ அறிக்கையில் ஒரு பெயர் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. ஏழுமலை, அளவுக்கருவி அறை. ஆபாசம் என்ற வகையில் ஒரே வாரத்தில் முப்பத்தேழு முயற்சிகள்.

ஏழுமலையை எனக்குத் தெரியும். புதுப்பட்டினத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். பாகங்களை அளக்கும் கருவிகளைச் சரிபார்த்துக் கொடுப்பது வேலை. ஒரு மயிரிழை வித்தியாசத்துக்காக ஒரு லாரிச் சரக்கைத் திருப்பி அனுப்பியவர். வாடிக்கையாளர்களின் வரைபடங்கள் இணையத்தில் வரும் என்பதால் அவருடைய அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. முப்பத்தேழு என்ற எண்ணைப் பார்த்து நான் அதிர்ச்சி அடைந்தேன் என்று எழுத ஆசை. உண்மையில், பட்டியல் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

குற்றப் பத்திரிகை போனது. டைப் செய்தவள் கலைவாணி. கலைவாணிக்கு ஏழுமலையின் மனைவி செல்வி ஒன்றுவிட்ட அக்கா முறை. ஏழுமலையும் கலைவாணியும் தினமும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள். மாலை ஐந்தரைக்கு மறைமலைநகரில் கிளம்பினால் ஏழு மணிக்குள் புதுப்பட்டினம். செய்தியும் அதே வண்டியில்தான் போகும்.

இரண்டாம் நாளே ஏழுமலையிடமிருந்து பதில் வந்தது. ஒரே வரி. 'நான் செய்தது தவறுதான், எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்.' இப்படி ஒப்புக்கொண்டுவிட்டால் விசாரணை வெறும் சடங்கு. அந்த வருடம் நிர்வாகம் இருந்த மூடில் வேலை போவது நிச்சயம். வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. ஆதாரமாக முழு விவரத்தையும் நான் கொண்டுபோக வேண்டும், முகவரிகளோடு.

புதன்கிழமை மத்தியானம் அதை அச்சுக்குக் கொடுத்தேன். பிரின்டர் கரகரவென்று தள்ளிய காகிதத்தை நின்றுகொண்டே கிழித்து எடுத்துப் படித்தேன்.

தேடு பெட்டியில் அவர் அடித்த சொற்கள் அப்படியே இருந்தன. அவருடைய ஆங்கிலத்தில், எந்த இலக்கணத்துக்கும் காத்திராமல். மார்பில் கட்டி மூன்று சென்டிமீட்டர், சின்னதா பெரியதா. வலி இல்லை, நல்லதா கெட்டதா. முப்பத்தாறு வயசுப் பெண், ஆபரேஷன், எத்தனை நாள் படுக்கை. அதற்குக் கீழே, பரிசோதனைச் சீட்டிலிருந்து எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்த ஒரு நீளமான மருத்துவச் சொல், நான்கு முறை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே என் மெஷின் பதில் எழுதியிருந்தது: தடுக்கப்பட்டது. ஆபாசம். தடுக்கப்பட்டது. ஆபாசம். கடைசி வரியில் அவர் கேட்டிருந்தது, 'மார்பில் கட்டி, மனைவியிடம் எப்படிச் சொல்வது.' அதில் கூட அந்த நாற்பத்தொன்றாவது சொல் இருந்தது. அதற்கும் அதே பதில்.

நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

அளவுக்கருவி அறைக்குப் போனேன். ஏழுமலை ஒரு கருவியை வெல்வெட் பெட்டியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"படிச்சிட்டியா சார்?"

"ஏன்யா ஒப்புக்கிட்டு எழுதிக் குடுத்தீங்க? இதைச் சொல்லியிருந்தா முடிஞ்சுபோயிருக்குமே."

"இன்னா சார் பேசற. சொன்னா எழுதிக் குடுன்னுவாரு. எழுதிக் குடுத்தா கலை டைப் அடிப்பா. சாங்காலம் ஏழு மணிக்கு என் வூட்டு வாசல்ல அந்தப் பொண்ணு அழுதுகினு நிக்கும். கொழுப்புக் கட்டிதான், சின்ன ஆப்ரேஷன்னு சொல்லி வெச்சிருக்கேன் சார் என் பொஞ்சாதிகிட்ட. ரிப்போர்ட்டு என் பையிலதான் கீது. இன்னான்னு எனக்கே முழுசா புரியல, அவளுக்கு இன்னான்னு சொல்லுவேன்?"

"அதுக்காக இந்தக் கெட்ட பேரையா..."

"அதுவும்தான் வூட்டுக்குப் போயிடுச்சே. கலை சொல்லிடுச்சு. கேட்டா. ஆமா, பார்த்தேன்னு சொல்ட்டேன்."

"சொல்லிட்டீங்களா?"

"சொல்ட்டேன். தொடப்பத்தால ரெண்டு வுட்டா. ராவெல்லாம் அழுதா." கருவியை இன்னொரு முறை துடைத்தார். "ஆனா கோவத்துல அழுதா சார். பயத்துல அழல. அது போதும் எனக்கு."

"டாக்டர் எப்போ வரச் சொன்னார்?" என்று மட்டும் கேட்டேன். "ஒரு மாசத்துக்குள்ள. ரெண்டு வாரம் பூடுச்சு" என்றார்.

நேராக ராகவன் சார் அறைக்குப் போனேன். "சார், ஒரு விஷயம், எழுத்துல வேண்டாம்" என்றேன். அவருடைய முப்பது வருட சர்வீஸில் அந்த வாக்கியத்தை யாரும் அந்த அறையில் சொன்னதில்லை. முறைத்தார். நான் காகிதத்தை நீட்டினேன். எழுந்து நின்று, கையை நீட்டிப் பிடித்து, உதடு அசையப் படிக்க ஆரம்பித்தார். பாதியில் உதடு நின்றுவிட்டது. மீதியை உட்கார்ந்து படித்தார்.

"ஆபீஸ்ல யாருக்குத் தேவைப்படப் போகுதுன்னீரே" என்றார்.

"ஆமாம் சார்."

"நானும் கையெழுத்துப் போட்டேனே."

"ஆமாம் சார்."

காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கோப்புக்குப் போகாமல் அவர் பைக்குப் போன ஒரே காகிதம் அதுவாகத்தான் இருக்கும். பிறகு யோசித்தார். விசாரணையை ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்யக் காரணம் வேண்டும். காரணத்தில் அந்தச் சொல் இருக்கக் கூடாது.

"தப்பு உம்ம பிரிவோடதுன்னு எழுதறேன். மெஷின் கோளாறு, வரைபடம் தேடினதைத் தப்பா வகை பிரிச்சுட்டுது. உமக்கு ஒரு எச்சரிக்கை மெமோ. சம்மதமா?"

"சம்மதம் சார்."

"இதைக் கலைவாணிகிட்ட கொடுத்து டைப் பண்ணச் சொல்லும்." அவர் முகத்தில் நான் பார்த்தறியாத ஒரு கள்ளத்தனம். "இன்னிக்கே கொடும். ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கணும்."

இவ்வளவு வருடம் கழித்தும் அந்தத் திட்டத்தை நினைத்தால் எனக்குப் பெருமைதான். படித்த இரண்டு மேதைகள் உட்கார்ந்து போட்ட திட்டம். கலைவாணி மெமோவை டைப் செய்தாள், என்னை ஒரு அற்பப் புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள், பஸ் ஏறினாள். ஏழு மணிக்குள் ஏழுமலையின் மானம் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருக்கும். என் மானம் செங்கல்பட்டோடு இறங்கிவிட்டது. அதற்கு அவ்வளவு தூரம் போக ஆசையில்லை.

நாங்கள் இரண்டு பேரும் யோசிக்காத ஒன்றை செல்வி யோசித்துவிட்டாள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஏழுமலை வேலைக்கு வரவில்லை. சனிக்கிழமை வந்தவர், நேராக என் மேசைக்கு வந்தார்.

"நல்லா மாட்டி வுட்டீங்க சார்."

"என்ன ஆச்சு?"

"கலை வந்து, மாமா மேல தப்பே இல்லக்கா, அந்த சிஸ்டம்ஸ் ஆளு பண்ண கோளாறாம்னு சொல்ட்டுப் பூடுச்சு. இவ நேரா என் எதிர்ல வந்து குந்திக்கினா. பார்க்கவே இல்லன்னா ஏன்யா பார்த்தேன்னு சொன்ன? தொடப்பக்கட்டையால அடி வாங்கிக்கினு ஏன்யா வாய மூடிக்கினு இருந்த? எத மறைக்கற?" கையை விரித்தார். "இன்னா சார் சொல்ல முடியும்? பைய தொறந்து ரிப்போர்ட்ட எடுத்துக் குடுத்துட்டேன்."

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அழுதா. கொஞ்ச நேரந்தான். அப்புறம், இத வெச்சிக்கினு ரெண்டு வாரமா ஒண்டியாவா சுத்திக்கினு இருந்தன்னு கேட்டா. அதுக்கு இன்னும் ரெண்டு அடி." சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். "திங்கக்கெழம ஆஸ்பத்திரில சேக்கறோம். இத உங்ககிட்ட கேக்கச் சொன்னா. கோளாறு பண்ண ஆளே பதில் சொல்லட்டும்னா."

பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாள். கறாரான கையெழுத்து. ஒன்று, ஆபரேஷனுக்கு அப்புறம் இடது கையால் தண்ணீர்க் குடம் தூக்கலாமா? இரண்டு, முடி கொட்டுமாமே, திரும்ப வருமா? மூன்று, மீன் சாப்பிடலாமா?

அன்றைக்கே நாற்பத்தொன்றாவது சொல்லைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். ராகவன் சார் நின்றுகொண்டு படித்துக் கையெழுத்துப் போட்டார். காரணம் கேட்கும் கட்டத்தில் 'தேவை' என்று எழுதினார். பிறகு நான் தேட உட்கார்ந்தேன். பெரிய பெரிய மருத்துவமனைகளின் பக்கங்களைப் படித்து, டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளவும் என்று ஒவ்வொரு பதிலுக்கும் வால் வைத்து, தமிழில் எழுதிக் கொடுத்தேன். குடத்தைக் கொஞ்ச நாளைக்குத் தொட வேண்டாம், கைக்குப் பயிற்சி இருக்கிறது, படம் வரைந்திருக்கிறேன். முடி பெரும்பாலும் திரும்ப வரும். மீன் நன்றாக வெந்திருந்தால் சாப்பிடலாம் என்கிறார்கள். மூன்று தலைமுறையாக மீன் வாசனையே படாத குடும்பத்தில் பிறந்தவன் எழுதிய மீன் சாஸ்திரம் அது.

அடுத்த சனிக்கிழமை அடுத்த சீட்டு வந்தது. அதற்கு அடுத்து இன்னொன்று. 'நீங்கள் வரைந்த படத்தில் கை எது, கால் எது என்று தெரியவில்லை.' 'ஊசி போட்ட மூன்றாம் நாள் எல்லாம் கசக்கிறது, என்ன சாப்பிடலாம்?' 'இவர் ராத்திரி தூங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், இதற்கு ஏதாவது மருந்து உண்டா?' கடைசிக் கேள்விக்கு இணையத்தில் பதில் கிடைக்கவில்லை. விளக்கை அணைத்துவிடவும் என்று எழுதினேன். செல்வி அதைப் படித்துச் சிரித்தாளாம். நகைச்சுவை என்று நினைத்துச் சொல்லி ஒருவர் சிரித்ததாக எனக்குக் கிடைத்த முதல் தகவல்.

அவளை நான் பார்த்ததே இல்லை. எட்டு மாதம், முப்பது சீட்டுகள் இருக்கும். மருந்து முடிந்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டினால் போதும் என்று டாக்டர் சொன்ன வாரத்தில் ஏழுமலை இன்னொரு சீட்டைக் கொண்டுவந்தார். முடி அரை விரல் நீளம் வளர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, "இதுதான் கடைசின்னு சொல்லிக்கினு குடுத்தா" என்றார்.

ஒரே ஒரு கேள்வி இருந்தது.

'உங்கள் வீட்டில் அக்கா பரிசோதனை செய்துகொண்டார்களா?'

இரண்டு அகராதிகளைப் புரட்டி அந்தச் சொல்லை எழுதினேன். டைப் செய்தேன். தடுத்தேன். பிறகு நீக்கினேன். எட்டு மாதம் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தேன். இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்திய வீட்டில் அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று சாயங்காலமும் சொல்ல வரவில்லை. காபி டம்ளரை வைத்துவிட்டு, சீட்டை அவளிடம் கொடுத்தேன்.

என் மனைவி அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"யாரு எழுதினது?"

"புதுப்பட்டினத்துல ஒருத்தங்க."

"அக்கான்னு எழுதியிருக்கா" என்றாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "இடது பக்கம் ஒரு மாசமா என்னமோ உறுத்தறது. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

மறுநாள் காலை லீவு எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் முழுச் சொல்லையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கலைவாணியிடமே கொடுத்தேன். அவள் படித்தாள். டைப் செய்யாமல், தாளை மடித்து ராகவன் சார் அறைக்குள் தானே எடுத்துக்கொண்டு போனாள். அன்று ஐந்தரை பஸ்ஸில் ஒரு செய்தியும் போகவில்லை.

என் மனைவிக்கு இருந்தது வெறும் கொழுப்புக் கட்டி. டாக்டர் சொன்னதும் நான் நம்பவில்லை. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, நின்றுகொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். "உட்காருங்கோ, விழுந்துடப் போறேள்" என்றாள் அவள். உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் நம்பச் சம்மதித்தேன்.